சம்பளத்தை நிறுத்துங்கள், மாமா

1

எங்கள் சங்கத்துக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டம். தேவாலயத்துக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த அறையில் பதினொரு பேர் கூடினோம். வடையும் தேநீரும் முடிந்த பிறகு என் மகள் அனுஷியா மடிக்கணினியைத் திறந்து, வரி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை ஒவ்வொரு கேள்வியாக வாசித்தாள். சங்கத்தில் அவள் உறுப்பினர் இல்லை. எங்கள் ஜெர்மன் எழுத்துக்கு அலுவலகத்தில் யாரும் சிரிக்கக்கூடாது என்பதற்காக வருஷத்தில் ஒருநாள் வந்து எழுதித் தருவாள்.

"அப்பா, இந்த வருஷம் எத்தினை பேர் பயனடைஞ்சவை எண்டு கேக்கினம். என்ன போட?"

தலைவர் நவரத்தினம் அண்ணை முகட்டைப் பார்த்தார்.

"பூச்சியம் எண்டு போடு பிள்ளை" என்றார் கடைசியில்.

"பூச்சியம் எண்டா, பிறகேன் இந்தச் சங்கம் எண்டு கேப்பினம்."

"அது நியாயமான கேள்விதானே" என்றார் அவர். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தக் கட்டத்தை வெறுமையாக விடும்படியும், பொருளாளரான நானே வீட்டிலிருந்து எழுதி அனுப்புவதாகவும் சொன்னேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அங்கே இரண்டு வரி எழுதத்தான் இடம் இருக்கிறது. நடந்தது இரண்டு வரிக்குள் அடங்காது. அதனால் முதலில் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் பதுளைப் பக்கம் தெமோதரைக்கு அருகே தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். சுவிஸில் பேர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் முப்பத்தொரு வருஷமாக இருக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. நவரத்தினம் அண்ணையின் தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து பதுளைக் கச்சேரிக்கு கிளாக்காக வந்தவர். அண்ணை பதுளையிலேயே பிறந்து வளர்ந்தவர். என் மகளோ பதுளையை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்தார் என்பதால் அவள் நாக்கில் யாழ்ப்பாணத் தமிழ். நான் "வாங்க" என்றால் அவள் "வாங்கோ" என்பாள். ஒரு வீட்டுக்குள் இரண்டு ஊர்.

2

மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்களை மூடிய வாரத்தில் எங்கள் சங்கம் பிறந்தது. அதற்கு முன் நாங்கள் கல்யாணத்திலும் சாவிலும் சந்தித்துக்கொள்ளும் சில மலையகக் குடும்பங்கள், அவ்வளவுதான். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது சும்மா இருக்க முடியவில்லை. உடுப்புச் சேர்த்தோம். வேலையிடத்தில் சொன்னதும் சுவிஸ்காரர்கள் அள்ளித் தந்தார்கள். பெட்டிகள் அந்த மலைக்குப் பக்கத்துக் கொஸ்லந்தைக்குப் போய்ச்சேர மூன்று மாதமானது. திறந்து பார்த்த பாதிரியார் படம் எடுத்து அனுப்பியிருந்தார். தடித்த குளிர்க் கோட்டுகள், பனிச்சறுக்குக் கையுறைகள், குதிகால் உயர்ந்த சப்பாத்துகள். முகாமில் இருந்த சனத்துக்கு அப்போது தேவைப்பட்டது சட்டிபானையும் பெண்களுக்கான உள்ளாடையும் என்று பிறகு தெரிந்தது. அவர்களிடமே கேட்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வெட்கத்தில் "இனிமேல் படிப்புக்குத்தான்" என்று முடிவெடுத்துச் சங்கத்தைப் பதிவுசெய்யப் போனோம். அலுவலகத்தில் இருந்த அம்மா, சங்கத்தின் நோக்கம் என்ன என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு இவர்கள் பாஷையில் ஷூல. குற்றத்துக்கு ஷுல்ட். நான் பதற்றத்தில், தோட்டத்துப் பிள்ளைகளின் குற்றத்துக்கு உதவி செய்கிறோம் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நவரத்தினம் அண்ணை திருத்திச் சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தார். வீட்டில் இதைச் சொல்லி ஒரு வாரம் சிரித்தோம். அனுஷியா மட்டும், "நீங்கள் பிழையாச் சொல்லேல்லை போல கிடக்கு அப்பா" என்றாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

முதலில் புத்தகப் பை, கொப்பி, சப்பாத்து என்று கொடுத்தோம். பிறகு நான் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்தின் அதிபர் ஒரு கடிதம் எழுதினார். சாதாரண தர வகுப்புக்கு, அதாவது ஓயெல் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு, இரண்டு வருஷமாகக் கணித ஆசிரியர் இல்லை. உள்ளூரில் படித்த ஒருவருக்குச் சங்கம் மாதச் சம்பளம் கொடுத்தால் தொண்டர் ஆசிரியராக வைத்துக்கொள்ளலாம் என்றார். அப்படித்தான் யோகேஸ்வரி வந்தாள்.

யோகேஸ்வரி என் தங்கை லெட்சுமியின் மூத்த மகள். உயர்தரத்தில் நன்றாகச் செய்து, பல்கலைக்கழகத்துக்குக் கொஞ்சம் புள்ளி போதாமல் வீட்டில் இருந்தாள். "சேகர் தன்ர மருமகளுக்கு வேலை போட்டுக் குடுத்திட்டார்" என்று இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அது நியாயம்தான். அதனால் அவள் விஷயம் பேசப்படும்போதெல்லாம் நான் அறையை விட்டு வெளியே போய்விட வேண்டும் என்று யாப்பிலேயே எழுதிக்கொண்டோம்.

ஏழு வருஷம் அவள் கற்பித்தாள். அதற்கு முன் கணிதத்தில் சித்தியடைவதே அபூர்வமாக இருந்த பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வருஷா வருஷம் சித்தியடைந்து பதுளைக்கும் பண்டாரவளைக்கும் உயர்தரம் படிக்கப் போனார்கள். மாதம் ஒரு பக்க அறிக்கையும் வகுப்புப் படமும் எங்களுக்கு அனுப்புவாள். அந்தப் படத்தை எங்கள் சங்கத்தின் செய்திமடலில் போடுவோம். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர், "செய்ததுக்குள்ள உருப்படியான வேலை இதுதான்" என்பார்.

3

பத்தாவது ஆண்டு விழாவில் கேக் வெட்டினோம். மறுநாள் காலை வேலையில், தேநீர் இடைவேளையில், அவளுடைய குரல் பதிவு வந்திருந்தது. உருளைக்கிழங்குச் சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"மாமா, யோகா பேசுறேன். நல்லா இருக்கீங்களா? ஒரு விசயம் சொல்லணும். யோசிச்சுத்தான் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. வாற ஜனவரியில இருந்து என் சம்பளத்த நிப்பாட்டிருங்க. நான் ஸ்கூலுக்குப் போகல்ல. வேற ஆளையும் போட வேணாம். வெலாவாரியா நீங்க எடுக்கறப்ப சொல்றேன்."

கல்யாணம் ஏதும் சரிவந்துவிட்டதோ என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்களோ என்றும் நினைத்தேன். வேலை முடிந்ததும் பஸ் தரிப்பிடத்தில் நின்றபடியே அழைத்தேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லல்ல மாமா. பட்டியல் வந்துச்சு. புது டீச்சர்மார் பட்டியல். நம்ம ஸ்கூலுக்கு இந்தத் தடவையும் மெத்ஸுக்கு ஆள் இல்ல."

"அதிபர் கேக்கலியா?"

"கேட்டாரு. நானும் கூடப் போனேன். வலயக் கல்வி ஒபிஸ்ல ஒரு ஐயா நல்லபடியாத்தான் பேசுனாரு. 'ஒங்க ஸ்கூல்ல மெத்ஸுக்கு ஆள் இருக்குதானே, வெளிநாட்டுக்காரங்க சம்பளம் குடுக்குறாங்கதானே. ஒருத்தருமே இல்லாத ஸ்கூல் எத்தன இருக்கு'ன்னாரு. சரசரன்னு பட்டியல எடுத்துக் காட்டுனாரு மாமா. நம்ம பேருக்கு நேர 'உண்டு'ன்னு போட்டிருக்கு. ஏழு வருசமா உண்டு."

எந்த வலயம், எந்த அலுவலகம் என்று நான் எழுதப் போவதில்லை. அந்த ஐயா சொன்னதிலும் கணக்குப் பிழை இல்லை. பத்துப் பேரைப் பதினைந்து பள்ளிக்கூடத்துக்குப் பங்கிட வேண்டியவர் வேறு என்ன செய்வார்? இருக்கிற இடத்தைத் தள்ளி இல்லாத இடத்துக்குக் கொடுப்பார். இருக்கிற இடமாகக் காட்டிக்கொண்டிருந்தது நாங்கள்.

"சரி, நீ நல்லாத்தானே படிச்சுக் குடுக்கிற. வாறவங்க உன்ன மாதிரி இருப்பாங்கன்னு என்ன நிச்சயம்?"

"மாமா, நான் பயிற்சி எடுத்தவ இல்ல. ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் சமாளிச்சிருவேன். அதுக்கு மேல நானே ராவெல்லாம் பாத்துட்டுத்தான் போறேன். அது இருக்கட்டும். நீங்க நாளைக்குக் குடுக்க முடியாமப் போனா? நீங்க எல்லாரும் பென்சன் எடுத்துட்டா? அனுஷியா குடுப்பாளா?"

அனுஷியா மாதாமாதம் தன் சம்பளத்தில் ஒரு தொகையை, கடலில் தத்தளிக்கும் அகதிகளை மீட்கும் ஓர் அமைப்புக்குக் கொடுக்கிறாள். எங்கள் சங்கத்துக்கு ஒருபோதும் கொடுத்ததில்லை. ஒருமுறை மனம் பொறுக்காமல் கேட்டேன். "எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தைத் தெரியாதே அப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையைச் சொன்னாள்.

4

அன்று மாலையே லெட்சுமி எடுத்தாள். குரலிலேயே அழுதுவிட்டு வந்தது தெரிந்தது.

"அண்ணே, அவ சொல்றதக் கேக்காதீங்க. புத்தி கெட்டுப் போச்சு. கவிதாவுக்கு வாற வருசம் ஓயெல். அக்காக்காரி வகுப்ப விட்டுட்டுப் போனா தங்கச்சிக்காரி என்னத்த எழுதுவா? ஊரு என்ன பேசும்? நான் கொழுந்து பறிச்சு இதுக்கா படிக்க வச்சேன்?"

கவிதா, யோகாவின் தங்கை. பதினாறு வயது. யோகா எடுத்த முடிவில் முதலில் நட்டப்படப் போகிறவள் அவள்தான்.

"அவ வேலைக்கு என்ன செய்யப் போறாளாம்?" என்று கேட்டேன்.

"பதுளையில ஒரு ஹாஜியார் துணிக்கடையில கேட்டு வச்சிருக்காளாம். டீச்சர்னு நாலு பேரு எந்திரிச்சு நின்ன புள்ள, நாளைக்குச் சீல விரிச்சுக் காட்டப் போகுது. நீங்கதாண்ணே நல்லது சொல்லணும்."

நல்லதைச் சொல்ல எனக்குத் தெரிந்தால்தானே. நான் யோகாவை மறுபடி அழைத்து ஒரு பழைய கதையைச் சொன்னேன். எங்கள் காலத்தில் அந்தப் பள்ளிக்கூடம் ஒரே அறை, ஒரே வாத்தியார். அவர் குளிர் தாங்காமல் ஊருக்குப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவரைப் பிடித்து வைக்க, சம்பளம் போடும் வாரத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கொத்து அரிசி போகும். எங்கள் அம்மா அரிசியை ஒரு துணியில் முடிந்து என் கையில் தருவார். வழியில் சிந்தினால் அடி விழும். அந்த அரிசியில்தான் நான் எழுத்துக் கூட்டினேன்.

"இப்ப நாங்க செய்யறதும் அதேதானே, யோகா. அரிசி கொஞ்சம் தூரத்திலிருந்து வருது."

"இல்ல மாமா. அந்த வாத்தியாரு அரிசிய வாங்கிட்டு ஒங்க அம்மாவுக்குப் பதில் சொன்னாரு. நான் மாசாமாசம் சுவிஸுக்குப் பதில் சொல்றேன். என் வகுப்பு எப்படி நடக்குதுன்னு ஒங்களுக்குப் படத்தோட தெரியும். இங்க ஒரு அம்மாவுக்கும் தெரியாது. கேட்டதும் இல்ல. அவங்களுக்கு நான் வெளிநாட்டுக்காரங்க குடுத்த டீச்சர். குடுத்தத யாரு கேள்வி கேப்பாங்க?"

ஏழு வருஷமாக அவள் அனுப்பிய அறிக்கைகள் எல்லாம் என்னிடம் ஒரு கோப்பில் இருந்தன. ஒன்றிலாவது இப்படி ஒரு வரியை அவள் எழுதியதில்லை. எழுத நாங்கள் இடம் வைத்திருக்கவில்லை.

5

விசேஷக் கூட்டம் கூட்டினோம். யாப்பின்படி நான் வெளியே போக வேண்டும். ஆனால் அவளுடைய கோரிக்கையை யாராவது சொல்ல வேண்டும் என்பதால், அதுவரை இருக்கலாம் என்று அனுமதித்தார்கள். சொன்னேன்.

நவரத்தினம் அண்ணைக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் மோசமான மனிதர் அல்லர். அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் அவருக்குத் தெரியும்.

"பிள்ளையளின்ர படிப்பை வைச்சுச் சூதாடுறதோ சேகர்? ஆள் வராட்டில்? ஒரு வருஷத்துப் பிள்ளையளின்ர ஓயெல் போச்சு. அதுக்கு ஆர் பொறுப்பு? அரசாங்கம் செய்ய வேண்டியதுதான், நான் இல்லை எண்டு சொல்லேல்லை. செய்யேல்லையே. அவை செய்யுமட்டும் பிள்ளை வளராமல் நிண்டுகொண்டிருக்குமோ?"

மற்றொருவர் சொன்னார்: "அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் செய்தது பிழை எண்டோ சொல்ல வாறா?"

அந்தக் கேள்விதான் அறையில் எல்லாருடைய நெஞ்சிலும் இருந்தது. வேறொருவர், சம்பளத்தை நிறுத்திவிட்டு அந்தக் காசில் சங்கத்தின் பெயர்ப்பலகையோடு ஒரு கணினி அறை கட்டிக் கொடுக்கலாம் என்றார். இன்னொருவர், அந்தப் பிள்ளை போனால் போகட்டும், வேறு ஆளைப் போடுவோம் என்றார். அரை மணி நேரம் குரல்கள் மேலும் கீழுமாகப் போயின.

அன்று குறிப்பெடுக்க ஆளில்லாமல் நான் கூட்டிவந்திருந்த அனுஷியா மூலையில் தலையை நிமிர்த்தினாள். "நான் ஒண்டு கேக்கலாமோ?"

"கேள் பிள்ளை."

"டீச்சர் வேலையை விடுறன் எண்டு சொல்லியிருக்கிறா. வேற ஆளையும் போட வேண்டாம் எண்டு கேட்டிருக்கிறா. காசு தாங்கோ எண்டில்லாமல், அந்த ஊரிலயிருந்து எங்களிட்ட முதல்முதலா ஒராள் ஒண்டு கேட்டிருக்கிறா. அதுக்கு ஏன் நாங்கள் வோட் போடுறம்?"

அவள் மறுபடி குனிந்து எழுதத் தொடங்கினாள். நான் எழுந்து வெளியே போனேன்.

அந்த நடைவழியில் யாரோ குழந்தைகள் வரைந்த படங்களை ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். முடிவு என் கையில் இல்லை என்பது நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி வெட்கமாகவும் இருந்தது. இருபது நிமிஷம் கழித்து நவரத்தினம் அண்ணை கதவைத் திறந்தார்.

"நிப்பாட்டுறம்" என்றார். "ஒரு கை வித்தியாசத்தில. அதில என்ர கை இல்லை."

6

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கியது. கணித பாட நேரத்தில் பிள்ளைகள் சும்மா இருந்தார்கள். அதிபர் படிவத்தில் 'இல்லை' என்று எழுதி அனுப்பினார். யோகா பதுளைக்குத் தினமும் பஸ்ஸில் போய், துணிக்கடையில் நின்றாள். வீட்டிலாவது கவிதாவுக்குச் சொல்லிக் கொடுக்கலாமே என்று கேட்டேன். சொல்லிக் கொடுக்கிறேன் என்றாள். ஆனால் எட்டு மணிக்கு வீட்டுக்கு வரும் ஒருத்தியும் பள்ளிக்கூடத்திலிருந்து சோர்ந்து வரும் ஒருத்தியும் எவ்வளவு படித்துவிட முடியும்? ஊரில் சிலர், அதிகச் சம்பளம் கேட்டாள், சுவிஸ்காரர்கள் துரத்திவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை. லெட்சுமி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

மூன்று மாதம் அப்படியே போனது. என் சமையலறையில் ஒரு நாளைக்கு நூற்றிருபது தட்டு. தட்டுகளை அடுக்கும்போதெல்லாம் அந்த வகுப்பறையை நினைத்தேன். நவரத்தினம் அண்ணையைத் தெருவில் கண்டால் இருவரும் வானிலை பேசினோம்.

ஏப்ரலில் யோகாவிடமிருந்து ஒரு பதிவு. குரலில் சிரிப்பு இருந்தது.

"மாமா, அம்மா நேத்து வலய ஒபிஸுக்குப் போச்சு. பதினாலு பேரு போனாங்க."

அதைச் செய்தவள் யோகா இல்லை. கொழுந்து மலையில் வைத்து யாரோ ஒருத்தி லெட்சுமியிடம், "ஒம் மகளாலதான் எம் புள்ள கணக்கு இல்லாம நிக்கிது" என்று சொல்லியிருக்கிறாள். லெட்சுமி பறித்த கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்து, "அப்ப வா, போய்க் கேப்போம்" என்றிருக்கிறாள். மகள் மேலும் என் மேலும் வைத்திருந்த கோபத்துக்கு அவளுக்கு ஒரு வாசல் கிடைத்துவிட்டது.

முதல் தடவை வலயக் கல்விப் பணிப்பாளர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். இரண்டாம் தடவை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதியது கவிதா. ஒவ்வொரு தடவையும் பதினாலு பெண்களுக்கும் அன்றைய பேர் விழாது. வேலைக்குப் போகாத நாளுக்குத் தோட்டத்தில் சம்பளம் இல்லை. எங்கள் சங்கத்தில் இதைச் சொன்னதும் நவரத்தினம் அண்ணையே முதலில், "பஸ் பிடிச்சுக் குடுப்பம். அவையின்ர நாட் சம்பளத்தையும் குடுப்பம்" என்றார். நான் சந்தோஷமாக லெட்சுமியை அழைத்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக எடுத்தாள்.

"வேணாம்ண்ணே."

"ஏன்? உதவிதானே?"

"சுவிஸ் காசுல பஸ் ஏறி வந்திருக்காங்கன்னு தெரிஞ்சா, சுவிஸ்லயே வாத்தியாரும் வாங்கிக்கங்கன்னு சொல்லிருவாங்க. பஸ் காசு நாங்க போட்டுக்குவோம். நீங்க பேசாம இருங்க."

எனக்கு வலித்தது. அதே நேரம், என் தங்கை இவ்வளவு தெளிவாக என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை என்றும் தோன்றியது.

மூன்றாம் தடவை பணிப்பாளரைச் சந்தித்தார்கள். நடந்ததை யோகாதான் பிறகு சொன்னாள். பணிப்பாளர், இந்த வருஷம் ஆள் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம், அதுவரை பழையபடி ஒரு தொண்டர் ஆசிரியரை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். லெட்சுமி எழுந்து நின்றாளாம்.

"சார், அந்தத் தொண்டர் டீச்சர் எம் மக. ஒங்க தாள்ல 'இல்ல'ன்னு எழுத வைக்கிறதுக்காக அவ வேலைய விட்டுட்டுத் துணிக்கடையில நிக்கிறா. எனக்கு இன்னொரு மக அந்த வகுப்புல சும்மா ஒக்காந்திருக்கு. நான் ரெண்டு புள்ளையவும் குடுத்துட்டேன். நீங்க ஒரு வாத்தியாரக் குடுங்க."

ஜூன் மாதம் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை நியமனம் பெற்று வந்தார். தெமோதரையில் தங்குவதற்கு அறை தேடிக் கொடுத்தது அந்தப் பதினாலு பேர்.

7

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் பரீட்சைக்குப் பாதி வருஷம்தான் இருந்தது. புது ஆசிரியை கெட்டிக்காரர்தான். இருந்தும் விட்டுப்போனதை எல்லாம் பிடிக்க அவரால் முடியவில்லை. அந்த வருஷம் கணிதத்தில் முந்தைய வருஷங்களைவிடக் குறைவான பிள்ளைகளே சித்தியடைந்தார்கள். கவிதா சித்தியடையவில்லை.

சென்ற மாதம் நான் ஊருக்குப் போயிருந்தேன். தனியாகத்தான் போனேன், அனுஷியாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்றாள், நானும் வற்புறுத்தவில்லை. மறுநாளே பதுளைக்குப் போய் அந்தத் துணிக்கடையில் ஏறினேன். யோகா ஒரு அம்மாவுக்குப் பாவாடைத் துணி அளந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஓடிவந்தாள். கடைக்கார ஹாஜியார், "டீச்சர், மாமாவக் கூட்டிட்டுப் போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். அவர் இன்னும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

தேநீர்க் கடையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். இரண்டு வருஷத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

"வருத்தமா இருக்கா யோகா?"

"வருத்தம் இல்லாம எப்படி மாமா இருக்கும்? எனக்குப் புடிச்ச வேல அது." தேநீரை ஆற்றினாள். "ரிசல்ட் வந்தன்னிக்கு ஒவ்வொரு பேராப் பாத்தேன். நான் இருந்திருந்தா பாஸ் பண்ணியிருக்கும்னு நாலு புள்ளைங்கள எனக்குத் தெரியும். அதுல ஒண்ணு எங்க வீட்டுலயே இருக்கு."

"கவிதா என்ன சொல்றா?"

"கொஞ்ச நாள் பேசல்ல. இப்ப ஸ்கூல விட்டுட்டு வெளிய இருந்து திரும்ப எழுதப் போறா. புது டீச்சர் நல்லாச் சொல்லிக் குடுத்தாங்களாம், என்னயவிடன்னு என் மூஞ்சிக்கு நேரவே சொல்றா." சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

"திரும்பவும் இதே நெலம வந்தா?"

அவள் வெளியே பஸ் ஒன்று போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செய்வேன் மாமா. ஆனா இந்தத் தடவ அம்மாமார்கிட்டதான் மொதல்ல சொல்லுவேன். ஒங்களுக்கு அப்புறமாத்தான். அந்த மூணு மாசத்த நான்தான் வீணாக்குனேன்."

அந்த மூன்று மாதத்தை வீணாக்கியதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அவளை ஆறுதல்படுத்த அது உதவாது என்று தோன்றியது. இன்னொரு தேநீர் சொன்னேன்.

சங்கத்தில் எல்லாரும் இன்னும் ஒரே மனதாக இல்லை. நவரத்தினம் அண்ணை அந்த நான்கு பிள்ளைகளையும் மறக்கவில்லை; மறக்கக்கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். கொடுக்காமல் விட்டதால் ஓர் ஆசிரியை வந்தார் என்பதும், கொடுக்காமல் விட்டதால் நான்கு பிள்ளைகள் தோற்றார்கள் என்பதும் இரண்டுமே உண்மை. எங்கள் கூட்டங்களில் ஒருவர் ஒன்றைச் சொன்னால் மற்றவர் மற்றதைச் சொல்வார். இப்போது சேரும் காசைச் சும்மா வைத்திருக்கிறோம், யாராவது கேட்கும்வரை.

8

லீவு முடிய நான்கு நாள் இருந்தபோது, லெட்சுமி காலையிலேயே நல்ல சீலை உடுத்திக்கொண்டு நின்றாள்.

"எங்க போற?"

"வலய ஒபிஸுக்கு. சயன்ஸுக்கு ஆள் இல்லண்ணே. இன்னிக்கு ரெண்டாவது தடவ."

"கவிதாதான் ஸ்கூல விட்டுட்டாளே?"

"அவ விட்டா? மத்த புள்ளைங்க இருக்குதானே." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சும்மாதானே இருக்கீங்க. வாறதுன்னா வாங்க. காசு கீசுன்னு அங்க வாயத் தொறக்கக்கூடாது."

பத்தொன்பது பேர் போனோம். பஸ்ஸில் என் டிக்கட்டை நான் எடுத்தேன். மற்றவர்கள் தங்கள் டிக்கட்டைத் தாங்களே எடுத்தார்கள். அலுவலகத்தில் நீளமான வாங்கு ஒன்று போட்டிருந்தது. பெண்கள் நெருக்கி உட்கார்ந்தார்கள், எனக்கும் ஓரத்தில் இடம் விட்டார்கள். வந்தவர்களின் பெயரைக் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு வந்த கிளாக் அம்மா என்னிடம் வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"நீங்க எந்தப் புள்ளையோட அப்பா?"

முப்பத்தொரு வருஷமாக அலுவலகங்களில் என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லிப் பழகியவன் நான். சங்கத்தின் பெயர், பொருளாளர் பதவி, பழைய மாணவன் என்பது எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. லெட்சுமி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாருக்கும் அப்பா இல்லீங்க" என்றேன். "இவங்க கூட வந்தேன்."

அந்த அம்மா தலையை ஆட்டி, பதிவேட்டில் ஏதும் எழுதாமல் அடுத்தவரிடம் போனார். பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெண் அப்போதுதான் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். வாங்கில் இடம் இல்லை.

"எந்திரிங்கண்ணே" என்றாள் லெட்சுமி. "அது ஒக்காரட்டும். அதுதான் பேச வேண்டிய ஆளு."

நான் எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டேன்.